வாக்காளர் மனம்

தேர்தல் வந்துவிட்டால் நாட்டிலுள்ள பள்ளிக்கூடங்கள் எல்லாம் வாக்குச்சாவடிகள் ஆகின்றன. ஆசிரியர்கள் எல்லாம் தேர்தல் அலுவலர்கள் ஆகின்றனர். பாடம் சொல்லும் மேசையின்மேல் மைக்குப்பியும் வாக்காளர் பட்டியலும் இடம் பெறுகின்றன. கரும்பலகைக்கு அருகில் அட்டையினால் ஒரு மறைப்பு எழுகின்றது. அந்த மறைப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கும் சில நொடிப் பொழுதில் என்ன நினைக்கிறார் என்பதை அறிந்துகொள்ளத்தான் கட்சிகள் மாதக் கணக்கில் பாடுபடுகின்றன. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்த நாள் முதல், தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற நாள் வரை, பல தேர்தல்களில் அந்த மறைப்புக்கு முன்னால் அமர்ந்திருக்கிறேன். பின்னால் நடப்பதை ஒருநாளும் நான் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. ஆயினும், பொதுமக்களின் உள்ளத்தை எந்தப் பிரசாரம் வெல்கிறது, எது வெல்லாமல் போகிறது என்ற கேள்வி என்னை விட்டு நீங்கியதே இல்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் பதினெட்டு வயதை எட்டியவர்கள்; மற்றவர் விரைவில் எட்டப் போகிறவர்கள். எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசுவது என் நோக்கமன்று. நம் தமிழகத்தின் வரலாற்றிலிருந்தும், குறிப்பாக எங்கள் கள்ளக்குறிச்சிப் பகுதியிலிருந்தும், சில தேர்தல்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் வெற்றியும் தோல்வியும் எவ்வாறு விளைந்தன என்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலில் 1937ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அப்போது எல்லோருக்கும் வாக்குரிமை இல்லை. சொத்துடையவர், வரி செலுத்துவோர், எழுதப் படிக்கத் தெரிந்தோர் எனச் சிலருக்கே அவ்வுரிமை உண்டு. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்தது. அதன் தலைவர் பொப்பிலி அரசர். பெரும் நிலக்கிழார்களும் செல்வர்களும் அக்கட்சியின் பக்கம் இருந்தனர். எதிரே நின்றது காங்கிரஸ். தீரர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் ஊர் ஊராகச் சென்று பேசினர், கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் மேடைகளில் ஒலித்தது. காங்கிரஸ் வேட்பாளருக்கு உரிய வாக்குப்பெட்டியின் நிறம் மஞ்சள். ஆகவே அவர்கள் நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. காந்தியடிகளுக்கும் மஞ்சள் பெட்டிக்கும் வாக்களியுங்கள் என்றனர். மஞ்சள், நம் வீடுகளில் மங்கலத்தின் நிறமல்லவா? கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவும் மஞ்சளை நாட்டு விடுதலையோடு இணைத்துக்கொள்வதற்கு யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

முடிவு என்ன? சட்டசபையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது. பொப்பிலி அரசரே தம் சொந்த ஊர்த் தொகுதியில் தோற்றார். அவரை வென்றவர் தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய வி. வி. கிரி, பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவரான அதே கிரிதான். அரசரின் நிலத்தில் உழைத்தவர்களும் அவர் நிழலில் வாழ்ந்தவர்களும் நிறைந்த ஊரில் அரசர் தோற்றார் என்றால், அதன் பொருளை நாம் நன்றாகச் சிந்திக்க வேண்டும். பகலில் அரசருக்குக் கைகட்டி நின்றவர், மறைப்புக்குள் சென்றதும் கையை அவிழ்த்துக்கொண்டார். இரகசிய வாக்கு என்னும் ஏற்பாட்டின் ஆற்றல் இதுதான். அஞ்சி வணங்குவது வேறு, விரும்பி வாக்களிப்பது வேறு என்ற பாடத்தை 1937 நமக்குக் கற்பித்தது.

அடுத்தது 1951–52. உலக வரலாற்றிலேயே அதுவரை கண்டிராத பெரிய தேர்தல் அது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. வாக்காளர் தொகை ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம். அவர்களில் பெரும்பாலோர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கல்வி அறிவு பெற்றோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. இவர்கள் எவ்வாறு வாக்களிப்பர் என்று அந்நிய நாட்டார் பலர் நகைத்தனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்களும் அவருடைய அலுவலர்களும் அதற்கு ஓர் எளிய வழி கண்டனர். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். வாக்காளர் தமக்கு விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும்; சீட்டில் முத்திரை குத்த வேண்டியதில்லை.

நான் இளைஞனாக இருந்தபோது, சின்னம் பார்த்து வாக்களிப்பது அறியாமையின் அடையாளம் என்று எண்ணியிருந்தேன். படித்தவன் என்ற செருக்கு. வயது ஏற ஏற, அந்த எண்ணம் தவறு என்று உணர்ந்தேன். எழுத்தறியாதவர் சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கிறார் என்பது உண்மை. ஆனால் எந்தச் சின்னம் என்பதை அவர் முன்னமே தீர்மானித்துவிட்டுத்தான் வருகிறார். சின்னம் அவருக்குப் பெயர்ப்பலகை போன்றது. கடைக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த முதல் பொதுத்தேர்தலில் எங்கள் தென்னார்க்காடு மாவட்டம் நாடே திரும்பிப் பார்க்கும்படி ஒரு செயல் செய்தது. அன்று கள்ளக்குறிச்சி தென்னார்க்காட்டின் ஒரு தாலுகா. 1993இல் விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்தது; 2019இல்தான் தனி மாவட்டம் ஆனது. தென்னார்க்காட்டில் உழவுத் தொழில் செய்யும் வன்னியர் பெருந்தொகையினர். விடுதலைப் போரில் பங்கு கொண்டும், உழைப்பில் முன் நின்றும், அதிகாரத்தில் தமக்கு உரிய இடம் இல்லை என்ற குறை அவர்கள் மனத்தில் இருந்தது. 1949இல் ஜில்லா போர்டுத் தேர்தலில் வன்னியர் சங்கத்தினர் 52 இடங்களில் 22ஐ வென்றனர். பின்னர் எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் அக்கட்சி சென்னைச் சட்டசபையில் 19 இடங்களைப் பெற்றது. பணமோ பத்திரிகையோ பெரிய அளவில் இல்லாத ஒரு புதுக்கட்சிக்கு இஃது எளிய வெற்றியன்று.

இதை உறவுமுறைப் பற்று என்ற ஒரே சொல்லில் சிலர் முடித்துவிடுவர். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அவர்கள் முன்வைத்த குறை மெய்யான குறை என்பது. ‘உன் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம், அலுவலகத்தில் வேலை, போர்டில் நாற்காலி’ என்று, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைப் பற்றி அவர்கள் பேசினர். அதே சமயம், உறவின் பற்றினால் மட்டும் கட்டிய வீடு நெடுநாள் நிற்பதில்லை என்பதையும் வரலாறு காட்டியது. 1954இல் காமராசர் அமைச்சரவையில் படையாட்சியார் இடம் பெற்றார். கட்சி காங்கிரஸில் கலந்தது. கேட்டது கிடைத்ததும், அல்லது கிடைத்துவிட்டது போலத் தோன்றியதும், தனிக்கொடிக்குத் தேவை குறைந்துவிட்டது.

இனி, தமிழகத் தேர்தல் வரலாற்றின் பெருந்திருப்பமாகிய 1967க்கு வருவோம். அப்போது நான் மூன்றாம் வகுப்பு மாணவன். எங்கள் தெருச் சுவர்களில் காவியால் வரைந்த உதயசூரியனும், நீலத்தால் வரைந்த இரட்டைக் காளையும் எதிரெதிராக நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் வீட்டிலும் இரண்டு கட்சி. என் தந்தையார் காமராசரிடம் அளவற்ற பக்தி கொண்டவர். ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்ததும், ஏழைப் பிள்ளைக்கு மதிய உணவு வந்ததும் அவரால்தான் என்று ஓயாமல் சொல்வார். அது முற்றிலும் உண்மை. பாட்டியார் அதை மறுக்கவில்லை. உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி வாங்கப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். “அவரு மவராசன்தாண்டா, யாரு இல்லேன்னா? இன்னிக்கு உலையில என்னத்தப் போடறது?” என்று பாட்டி கேட்டார். தந்தையார் பதில் சொல்லவில்லை. பாட்டி யாருக்கு வாக்களித்தார் என்பது அவர் மறையும் வரை எங்களுக்குத் தெரியாது.

வரலாற்றாசிரியர்கள் பல பக்கங்களில் எழுதியதை அந்தக் கிழவி ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார் என்று பின்னாளில் நான் உணர்ந்தேன். 1965, 1966 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் மழை பொய்த்தது. உணவுப் பஞ்சம் நிலவியது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. அந்த நேரத்தில் தி. மு. கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அறிவித்தது. இந்த வாக்குறுதியின் அமைப்பை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதில் தத்துவம் இல்லை. அளவு இருக்கிறது, விலை இருக்கிறது. கேட்டவள் தன் முந்தானை முடிச்சில் உள்ள காசை நினைத்து உடனே கணக்குப் போட முடியும்.

ஆனால் அரிசி ஒன்றே வெற்றி தந்தது என்று சொன்னால் அது பிழையாகும். 1965இல் நிகழ்ந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மாணவர்களின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்திருந்தது. அம்மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரசாரகர் பிறந்தார். நாடகமும் திரைப்படமும் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கழகத்தின் கொள்கைகளைப் பரப்பியிருந்தன. படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் முடி திருத்தும் நிலையங்களிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றிலும் அமர்ந்து கேட்பர். 1967 ஜனவரி 12ஆம் நாள் எம். ஜி. ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் தோன்றும் படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கணக்கு. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு நூற்றுக்கு 41ஐச் சற்றே தாண்டியது. தி. மு. கழகம் பெற்றது 41க்குச் சற்றுக் குறைவு. ஆயினும் 234 இடங்களில் கழகத்துக்கு 137, காங்கிரஸுக்கு 51. காரணம் என்ன? அண்ணாதுரை அவர்கள் முதுபெரும் தலைவர் இராஜாஜியின் சுதந்திரக் கட்சியையும், வேறு பல கட்சிகளையும் சேர்த்து ஓர் உடன்பாடு செய்திருந்தார். கழகம் 174 இடங்களில் மட்டுமே நின்று, ஏனைய இடங்களைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. 232 இடங்களில் நின்ற காங்கிரஸின் வாக்குகள் நாடெங்கும் பரவிக் கிடந்தன; எதிர்ப்பு வாக்குகளோ சிதறாமல் ஓரிடத்தில் குவிந்தன. மக்களின் மனக்குறை என்னும் நீர் எங்கும் ஊறிக்கொண்டுதான் இருக்கும். வாய்க்கால் வெட்டியவன் வயலுக்கே அது பாயும்.

அந்தப் பாய்ச்சலில் பெரிய மரங்களும் சாய்ந்தன. அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்த காமராசரே விருதுநகரில் பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். காமராசர் மக்களுக்குச் செய்த நன்மைகளை யாரும் மறந்துவிடவில்லை. தேர்தல் நன்றி செலுத்தும் விழாவன்று. நாளை என்ன செய்வது என்று முடிவு செய்யும் நாள். இதற்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. 1945இல் போரை வென்று கொடுத்த சர்ச்சிலைப் பிரிட்டிஷ் மக்கள் வீதியில் வாழ்த்தினர். ஆனால் அவ்வாண்டுத் தேர்தலில் தோற்கடித்தனர். போர் முடிந்து வீடு திரும்பும் வீரனுக்குக் குடியிருக்க வீடும், செய்ய வேலையும், நோய்க்கு மருத்துவமும் வேண்டியிருந்தன. அவற்றைப் பற்றித் தெளிவாகப் பேசியது தொழிற்கட்சி. என் பாட்டியார் சர்ச்சிலின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அவருக்கும் அந்த ஆங்கிலேய வாக்காளருக்கும் சிந்தனை ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழகத்தின் வெற்றி ஒரு மாதப் பிரசாரத்தால் வந்ததன்று. 1957இல் அதற்கு 15 இடங்கள், 1962இல் 50, பிறகே 137. அந்த 1962இல் கட்சிக்கு இடங்கள் பெருகியும், அண்ணாதுரை தாமே காஞ்சிபுரத்தில் தோற்றார். தோற்ற ஊரிலேயே மறுநாள் கூட்டம் போடும் மனத்திட்பம் இல்லாதவர்க்குத் தேர்தல் அரசியல் ஏற்றதன்று. வெற்றிக்குப் பின் வந்த கதையும் நேர்மையாகச் சொல்லத் தக்கது. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் 1967இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. நிதி போதாமையால் மாநிலம் முழுவதற்கும் அதை விரிவாக்க இயலவில்லை. வாக்குறுதி கொடுப்பது ஒரு நாள் வேலை. நிறைவேற்றுவது கருவூலத்தின் வேலை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் நடிகர் விஜயகாந்த் எங்கள் பக்கத்து ரிஷிவந்தியம் தொகுதியில் நின்று வென்றார். அவருடைய கட்சி அ. இ. அ. தி. மு. க.வோடு கூட்டுச் சேர்ந்து 29 இடங்களைப் பெற்றது. அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். ஐந்தாண்டுகள் சென்று 2016இல் அவர் இதே பகுதியிலுள்ள உளுந்தூர்ப்பேட்டையில் நின்றார். அவரைக் காணத் திரண்ட கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, வைப்புத் தொகையையும் இழந்தார். அவர் கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. மக்கள் அவரை வெறுத்துவிட்டனரா? இல்லை. 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது, இப்பகுதி ஊர்களில் படத்துக்கு மாலையிட்டு அழுதவர்களை நான் கண்டேன். அன்பு வேறு, வாக்கு வேறு. 2011இல் அவருக்கு விழுந்த வாக்கில் கூட்டணியின் வாக்கும், ஆட்சி மாற்றம் வேண்டும் என்ற விருப்பமும் கலந்திருந்தன. 2016இல் அவை வேறு வழியாகச் சென்றுவிட்டன. கூட்டத்தைக் கண்டு வாக்கை எண்ணுவது, திருவிழாவுக்கு வந்தோரை எண்ணி நெல் விளைச்சலைக் கணக்கிடுவது போன்றதாகும்.

இவ்வளவும் சமவெளியின் கதை. எங்கள் மேற்கு எல்லையில் நீலமாகத் தெரியும் கல்வராயன் மலைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை ஒட்டி ஏறும் பாதை வெள்ளிமலைக்குச் செல்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த மலைத்தொடர் கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் இடையே விரிந்து கிடக்கிறது. இங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்பது பொருள். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. சாமையும் தினையும் கேழ்வரகும் மரவள்ளியும் அவர்கள் பயிர்; கடுக்காய் முதலிய காட்டுப்பொருள்களைச் சேகரிப்பதும் உண்டு.

இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தாரர்களின் ஆட்சியில் இருந்தது. 1948இல் சமவெளியில் ஜமீன்தாரி முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1950இல் நாடு குடியரசாயிற்று. ஆனால் கல்வராயன் மலையின் ஜாகிர்களைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டது 1976ஆம் ஆண்டில்தான். அதாவது, கீழே உள்ளவர் 1967இல் ஓர் அரசை மாற்றி முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகே, மேலே உள்ளவர் ஜாகிர்தாரரின் பிடியிலிருந்து விடுபட்டனர். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்கள்.

2001ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூருக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக நான் அனுப்பப்பட்டேன். அந்தத் தேர்தலில்தான் தமிழகம் முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பயன்பட்டது. 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதல் சோதித்துப் பார்த்த இயந்திரம் அது. மின்கலத்தால் இயங்குவதால் மின்விளக்கு இல்லாத ஊருக்கும் ஏற்றது. ஜீப் ஓர் இடத்தோடு நின்றுவிட்டது. மலை இளைஞர் இருவர் பெட்டிகளைத் தலையில் வைத்து முன்னே நடக்க, நாங்கள் மூச்சு வாங்கப் பின்னே நடந்தோம். மறுநாள் காலை வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி மறைப்புக்குள் சென்று பொத்தானை அழுத்தினார். இயந்திரம் நீளமாக ஓசை எழுப்பியது. அவர் திடுக்கிட்டுத் திரும்பி, “பொட்டி கூவுதே, எங்கிட்டதான் பேசுதா?” என்று கேட்டார். சாவடியே சிரித்தது. உங்கள் வாக்குப் பதிந்துவிட்டது, பாட்டியம்மா என்றேன். அவர் சிரிக்காமல், “அப்ப நான் சொன்னது அதுக்குக் கேட்டிருச்சு” என்று சொல்லிச் சென்றார்.

மாலையில் இயந்திரத்துக்கு முத்திரை வைத்த பிறகு, ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களுக்குச் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இங்கே பிரசாரத்துக்கு யாரேனும் வந்தார்களா என்று பொதுப்படையாகக் கேட்டேன். “வந்தாங்க சார். ஒலிபெருக்கி கட்டி நிறையப் பேரு பேசினாங்க. டில்லி சங்கதி சொன்னாங்க, மெட்ராஸ் சங்கதி சொன்னாங்க. நான் பேரனுக்குச் சாதிச் சர்ட்டிபிகேட் கேட்டு மூணு வாட்டி மலையிறங்கினவன். ஒருத்தரு மட்டும் திண்ணையில உக்காந்து, எந்த ஆபீசுக்குப் போனே, யாரப் பாத்தே, என்ன சொன்னாங்கன்னு கேட்டாரு. ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு” என்றார். அவர் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் பதவிக்கு அழகன்று. ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தை நான் மறக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதற்பாடமும் அதுதான்: மாணவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்டறிந்த பிறகே பாடத்தைத் தொடங்க வேண்டும். வாக்குக் கேட்பவருக்கும் அது பொருந்தும் என்று மலையுச்சியில் ஒரு முதியவர் எனக்குக் கற்பித்தார்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். ‘ஐயா, இக்காலத்தில் பணம் கொடுத்தால் வாக்கு விழுகிறதே, நீங்கள் திண்ணையையும் நோட்டையும் பற்றிப் பேசுகிறீர்களே’ என்று மாணவர்கள் கேட்கலாம். என் வகுப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். நோய் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. 2016இல் பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளின் வாக்குப்பதிவையே தேர்தல் ஆணையம் நிறுத்த நேர்ந்தது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரு கட்சியாரும் பணம் கொடுத்த இடத்தில் ஒருவர்தான் வெல்கிறார். மற்றவர் கொடுத்த பணம் எங்கே போயிற்று? பணம் வாங்கியவர் எல்லாம் கொடுத்தவர்க்கே வாக்களிப்பதில்லை. பொப்பிலி அரசரைக் கைவிட்ட அந்த மறைப்பு இன்றும் இருக்கிறது. பணத்தால் விளையும் பெருங்கேடு வேறு. வாக்கு வாங்கியவர், ‘கணக்குத் தீர்ந்தது’ என்று எண்ணிவிடுகிறார். வாக்கு விற்றவர், ஐந்தாண்டுக் காலம் கேள்வி கேட்கும் வாயைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

அதன் விலை எவ்வளவு என்பதை எங்கள் ஊர் அறியும். 2024 ஏப்ரல் 19ஆம் நாள் இங்கு நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடந்தது. ஜூன் 4ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. அதே ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நாட்கூலி உழைப்பாளிகள். இரண்டு மாதங்களுக்கு முன் நம்மைப் போலவே விரலில் மை இட்டுக்கொள்ளும் உரிமை உடையவர்கள். அந்தத் துயரத்தின் பின்னரே, கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, பிழைப்பு ஆகியவை பற்றி நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. அக்கேள்விகளை அதற்கு முன்னால் எத்தனை தேர்தல் மேடைகளில் நாம் கேட்டோம்? இந்தக் கேள்வியை வேட்பாளர்களைப் பார்த்து மட்டும் நான் கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த நானும், அந்தப் பெரியவரின் பேரனுக்குச் சான்றிதழ் கிடைத்ததா என்று மறுபடி சென்று விசாரிக்கவில்லை. அந்தக் குறை என் மனத்தில் இருக்கிறது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். பொதுமக்களிடம் வெற்றி பெறும் பிரசாரத்துக்கு நான்கு இயல்புகள் உண்டு. மஞ்சள் பெட்டி போல, கேட்டவுடன் மனத்தில் பதியும் எளிமை அதற்கு வேண்டும். உழைப்பாளர் கட்சி செய்தது போல, மக்களின் மெய்யான குறையை அவர்களுடைய சொல்லிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். 1967இல் நடந்தது போல, அக்குறையை வாக்காக மாற்றும் அமைப்பும் தோழமையும் உழைப்பும் வேண்டும். அதுவும் பல ஆண்டு உழைப்பு. நான்காவது, திண்ணையில் அமர்ந்து கேட்கும் பொறுமை. முதல் மூன்றும் ஒரு தேர்தலை வெல்லப் போதும். நான்காவது இருந்தால்தான் அந்த வெற்றி மக்களுடைய வெற்றியாகும்.

நாளை உங்கள் தெருவுக்கும் பிரசார வண்டி வரும். பாட்டும் ஒளியும் இருக்கும். கைப்பேசியில் வண்ணப் படங்கள் வந்து குவியும். கேளுங்கள், பாருங்கள், அது தவறன்று. பிறகு என் பாட்டியார் கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உலையில் என்ன போடுவது என்பதற்கு விடை சொல்பவர் யார், அந்த விடைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்பவர் யார் என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருந்தால், அவருக்குச் சின்னம் காட்டிக் கொடுக்க முந்தாதீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். உங்களுக்கும் சில செய்திகள் அவரிடமிருந்து கிடைக்கும்.